வீட்டு சோடா மெஷின்: பழ ஐஸ்கிரீம் சோடாவுக்கு வாங்கலாமா?

தினமும் சோடா குடிக்கிற வீடு என்றால் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போதும் மட்டும்தான் என்றால் வேண்டாம். தெருமுனைக் கோலி சோடா போதும், மிச்சக் காசை நல்ல ஐஸ்கிரீமுக்கும் நல்ல பழத்துக்கும் செலவழியுங்கள். இது மெஷினைப் பற்றிய குறை இல்லை. தண்ணீரில் கேஸ் ஏற்றுவது ஒன்றுதான் அதன் வேலை, அதை ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் பழப்பாகு, சோடா, ஐஸ்கிரீம் உருண்டை மூன்றும் சேர்ந்த பழ ஐஸ்கிரீம் சோடா கெட்டுப்போகிற இடங்கள் வேறு: வெதுவெதுப்பான தண்ணீர், வடிகட்டாத பாகு, காற்றடைத்த ஐஸ்கிரீம், ஊற்றுகிற வரிசை. இதில் எதையும் மெஷின் சரிசெய்யாது.

இங்கே பேசுவது கரண்ட் இல்லாமல் கையால் அழுத்துகிற மாடலைப் பற்றி. பின்பக்கம் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், முன்பக்கம் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், மேலே ஒரு பட்டன். லிட்டர் பாட்டில் என்று பெயர் இருந்தாலும் கோடு போட்ட இடம்வரை சுமார் 840 மில்லிதான் ஊற்ற வேண்டும். மேலே காலி இடம் இல்லாவிட்டால் கேஸ் தண்ணீரில் கரைய வழியில்லாமல் மிஞ்சின அழுத்தத்தை வெளியே விடுகிற ரிலீஸ் வால்வு வழியாகத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு பீய்ச்சும்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு கேஸ் பிடிக்கும். 4 டிகிரியில் இருக்கிற தண்ணீர், 30 டிகிரித் தண்ணீரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேஸைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்து எத்தனை தடவை அழுத்தினாலும் சோடா 'சுர்'ரென்று இருக்காது, கேஸ்தான் வீணாகும். முந்தின நாள் இரவே பாட்டிலோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் விட்டுவிட்டு, ஒரு விநாடிக்கு மேல் போகாமல் ஐந்து தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் வால்வு 'ர்ர்' என்று சத்தம் போட்டதும் கையை எடுத்துவிடலாம். வெறும் குடிசோடாவுக்கு மூன்று தடவை போதும். ஐஸ்கிரீம் சோடாவுக்கு அது பத்தாது, ஏனென்றால் பாகும் ஐஸ்கிரீமும் சேரும்போதே பாதி கேஸ் நுரையாக வெளியேறிவிடும். ஏற்றி முடித்த பாட்டிலை மூடி இன்னொரு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உடனே ஊற்றினால் பெரிய பெரிய குமிழியாகக் கொதித்து அடங்கிவிடும். ஓய்வு கொடுத்த சோடாவில் குமிழி பொடியாக, நெடுநேரம் எழுந்துகொண்டே இருக்கும்.

கேஸ் ஏற்றுவது வெறும் தண்ணீருக்கு மட்டும். பழச்சாறு, சர்க்கரைத் தண்ணீர், பால் எதையும் மெஷினில் மாட்டாதீர்கள். நுரை மேலேறி, கேஸ் வருகிற குழாய்முனையான நாசிலுக்குள்ளும் ரிலீஸ் வால்வுக்குள்ளும் போய் ஒட்டிக் காய்ந்துவிடும். வால்வு அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது, அது ஆபத்து.

அடுத்தது சிலிண்டர். வழக்கமான அளவில் சுமார் 425 கிராம் கேஸ் இருக்கும், அட்டைப்பெட்டியில் '60 லிட்டர் சோடா' என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 7 கிராம். ஐஸ்கிரீம் சோடாவுக்கு வேண்டிய காட்டத்தில் ஏற்றினால், வால்வு வழியாகப் போகிற கேஸையும் சேர்த்து லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே 40 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்கு 200 மில்லி என்றால் 200 கிளாஸ். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்க ஆகிற தொகையை 200-ஆல் வகுத்து, அதைக் கடைக் கோலி சோடா விலையோடு ஒப்பிடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். போகவர வண்டிச் செலவையும் கூரியர் செலவையும் சேர்க்க மறக்கக் கூடாது. சென்னைக்காரர்கள் எழுதுகிற மதிப்புரைகளில் இந்தச் செலவு பெரும்பாலும் வருவதில்லை, நம்ம நெல்லைப் பக்கம் அதுதான் பெரிய செலவு.

நெல்லை வெயிலுக்கென்று தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. கார்பன் டை ஆக்ஸைடு 31 டிகிரி வரைதான் சிலிண்டருக்குள் திரவமாக நிற்கும். அதற்கு மேல் திரவம் என்ற நிலையே இல்லை, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மே மாதம் நம்ம சமையலறை 31 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நேரத்தில் ஒரு அழுத்துக்கு வருகிற கேஸ், மார்கழியில் வருவதைவிட முரட்டுத்தனமாக வரும். கோடைக்கு அரை விநாடி அழுத்து போதும். மெஷினை அடுப்புப் பக்கத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். சிலிண்டரை மாற்றிக்கொண்டு வரும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். படுக்கவைத்த நிலையில் அழுத்தவே கூடாது. கேஸுக்குப் பதில் திரவம் வந்து வால்வை உறையவைத்துவிடும்.

விலை குறைவு என்று வெல்டிங் சிலிண்டர்க்காரரிடம் நிரப்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். குடிக்கிற பொருளுக்கு உணவுத் தர கேஸ்தான் போக வேண்டும்.

மெஷின் இல்லாமல் சைஃபன் பாட்டிலிலும் சோடா போடலாம். ஒரு லிட்டருக்கு 8 கிராம் கேஸ் குப்பி ஒன்று திருக வேண்டும். எடுத்துப் போக வசதி, மூலையில் இடம் பிடிக்காது. ஆனால் ஒரு குப்பிக்கு வருகிற சோடா மிதமாகத்தான் இருக்கும், ஐஸ்கிரீம் சோடாவுக்கு இரண்டாவது குப்பி தேவைப்படும். பாட்டிலின் கையேடு இரண்டு குப்பியை அனுமதித்தால் மட்டும் போடுங்கள். பேக்கரிகளில் கிரீம் அடிக்கப் பயன்படுத்துகிற நைட்ரஸ் ஆக்ஸைடு குப்பியும் பார்க்க அச்சாக இதே மாதிரி இருக்கும். அதை மாற்றிப் போட்டால் தண்ணீர் லேசாக இனிக்கும், சோடாவின் சுருக்கென்ற காரம் கொஞ்சமும் வராது. குப்பியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கோலி சோடா பாட்டிலை ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவத்தில்தான் இன்னமும் ஊதுகிறார்கள்: கழுத்தில் ரப்பர் வளையம், அதன் அடியில் கேஸ் அழுத்தத்தில் ஒட்டி நிற்கிற கோலி. ஒரு பாட்டில் ஒரு கிளாஸுக்குச் சரியாக வரும், திறந்து மிச்சம் வைத்து வீணாக்குகிற வேலையே இல்லை. கேஸ் நன்றாக ஏற்றிய கோலி சோடா நம்முடைய ஐந்து அழுத்துக்குச் சளைத்ததில்லை. வாங்கும்போது கழுத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் வளையத்தைச் சுற்றி கறுப்பாக அழுக்குக் கட்டியிருந்தால் அந்தக் கடை வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் பாட்டில் சோடா 750 மில்லியில் வாங்கினால் மூன்று கிளாஸ் வரும். திறந்தவுடன் மூன்றையும் போட்டுவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீடுகளில் கொதிக்கவைத்து ஆறவைத்து வடிகட்டினால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் அதைச் சோடாவாக்கினால் கரிப்பு முன்னால் வந்து நிற்கும், பழ வாசனை பின்னால் போய்விடும். அங்கே ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. அது ரொம்பச் சப்பென்று இருந்தால் லிட்டருக்கு இரண்டு விரல் நுனி உப்பு போதும்.

ஐஸ்கிரீமுக்கு வருவோம். பெட்டியில் 'ஐஸ்கிரீம்' என்று இருக்கிறதா 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு. சோடாவில் உருகும்போது நாக்கில் மெழுகுப் படலம் மாதிரி ஒட்டும். நம்ம நாட்டு விதிப்படி முழு ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு லிட்டர் 525 கிராமுக்குக் குறையக் கூடாது. பெட்டியில் கிராம், மில்லி இரண்டும் போட்டிருப்பார்கள். கிராமை மில்லியால் வகுங்கள். 0.52, 0.53 என்று வந்தால் கிட்டத்தட்டப் பாதி காற்று. 0.6-க்கு மேல் வந்தால் நல்ல அடர்த்தி, சோடாவில் மெதுவாகக் கரையும். காற்று அதிகமான ஐஸ்கிரீம் சோடா பட்டதுமே பொங்கி வழிந்துவிடும், இரண்டு நிமிடத்தில் உருண்டை காணாமல் போகும். எங்கள் சிபாரிசு ஆவின், அருண் மாதிரியான சாதா வெண்ணிலா. முந்திரி, பிஸ்தா, சாக்லெட் துண்டு எதுவும் இல்லாதது. பழத்தின் பேர் போட்ட ஐஸ்கிரீமும் வேண்டாம், அதன் எசன்ஸ் நீங்கள் காய்ச்சிய பழப்பாகை அமுக்கிவிடும்.

அடுக்குகிற முறைதான் முக்கியம். 400 மில்லி பிடிக்கிற உயரமான கிளாஸ் எடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த கிளாஸ் நல்லது, ஃப்ரீசரில் வைத்துப் பனி பூத்த கிளாஸ் கூடாது. அந்தப் பனித்துகள் ஒவ்வொன்றும் குமிழி கிளம்புகிற இடம், ஊற்றியவுடன் பாதி சோடா நுரையாகிவிடும். ஐஸ்கட்டியும் அதே காரணத்தால் வேண்டாம். கிளாஸின் அடியில் குளிர்ந்த பாகு 40 மில்லி. அதில் ஒரு டேபிள்ஸ்பூன் ஐஸ்கிரீமைப் போட்டு நீண்ட ஸ்பூனால் குழைத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். இந்தக் குழைவு இருந்தால்தான் பாகு அடியில் தங்காமல் கிளாஸ் முழுக்க ஒரே ருசியாக இருக்கும். இப்போது 60 மில்லி சோடா ஊற்றி ஒரு சுற்று கலக்குங்கள். நுரை எழுந்து பாதி இறங்கட்டும். பிறகு கிளாஸைச் சாய்த்துப் பக்கச் சுவரோடு 100 மில்லி ஊற்றுங்கள், இனிமேல் கலக்கக் கூடாது. 60 கிராம் உருண்டை ஒன்றை ஸ்பூனில் ஏந்தி, மேலிருந்து போடாமல், கிளாஸ் விளிம்பில் பாதி உட்காரும்படி இறக்குங்கள். கடைசியாக 30 மில்லி சோடாவை உருண்டைமேல் மெதுவாக விட்டால், வெள்ளை நுரை விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை எழுந்து நிற்கும். சோடா மட்டும் மொத்தம் 190 மில்லி, ஒரு கோலி சோடாவின் அளவு.

ஐஸ்கிரீமை முதலில் போட்டு மேலிருந்து சோடாவைக் கொட்டுவதுதான் வழக்கமான தப்பு. பாலின் புரதமும் ஐஸ்கிரீமில் சேர்க்கிற ஸ்டெபிலைசரும் குமிழியை உடையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஐஸ் துகளும் காற்றும் புதுக் குமிழிகளைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். டைனிங் டேபிள் முழுக்கப் பாய்ந்துவிடும்.

இனி பழம். நம்ம ஊரில் கிடைப்பதில் இதற்கென்றே பிறந்தது பன்னீர் திராட்சை. புளிப்பு, வாசனை, நிறம் மூன்றும் இருக்கிறது. அரைக் கிலோவைக் காம்பு ஆய்ந்து கழுவி, 50 மில்லி தண்ணீர் விட்டு, மூடி, மிதமான தீயில் தோல் வெடிக்கும்வரை வையுங்கள். மத்தால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசப்பு இறங்கிவிடும். மல் துணியில் வடிகட்டினால் சுமார் 300 மில்லி சாறு வரும். 250 கிராம் சீனி சேர்த்துக் கரையும்வரை சூடாக்கி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப்பதம் வரை போகக் கூடாது. போனால் குளிர்ந்த சோடாவில் கரையாமல் அடியில் கோந்தாக உட்காரும். ஆறியபின் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். அது இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் கலந்தவுடன் நிறம் சாம்பல் பாய்ந்த ஊதாவாக மாறிவிடும். இருந்தால் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் பத்து நாள் தாங்கும்.

மாம்பழத்தில் நாரும் கூழும்தான் சிக்கல். பங்கனப்பள்ளி மட்டும் போட்டால் சோடாவில் இனிப்பு மட்டும்தான் தெரியும். பாதி கிளிமூக்கு சேருங்கள், அதன் புளிப்பு தூக்கிக் காட்டும். 250 கிராம் கூழுக்கு 125 கிராம் சீனி, 125 மில்லி தண்ணீர், கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். முதல் குமிழி வந்ததும் இறக்கி, துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். கூழ்த்துகள் மிஞ்சினால் சோடா ஊற்றியதும் எல்லாத் துகளிலிருந்தும் குமிழி கிளம்பிக் கேஸ் உடனே போய்விடும். மாம்பழ ஐஸ்கிரீம் சோடா சப்பென்று இருக்கிறது என்று சொல்கிற எல்லா வீட்டிலும் காரணம் இதுதான்.

எலுமிச்சை இல்லாமல் இந்தப் பக்கம் சோடா உண்டா? புளியங்குடியே எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். ஆனால் ஐஸ்கிரீமோடு சேரும்போது கவனம் வேண்டும். சாறு பிழிந்த சோடாவில் உருண்டையை வைத்து உற்றுப் பாருங்கள். உருண்டையின் அடி, தண்ணீரைத் தொடுகிற இடத்தில், முதலில் மெல்லிய வெள்ளை வளையம் கட்டும். அது பொடிப்பொடியாகப் பிரிந்து இழை இழையாகக் கீழே இறங்கும். பால் திரிகிறது. புளிப்பு ஏற ஏற பி.ஹெச். எண் இறங்கும்; அது 4.6-க்குக் கீழே போனால் பால் புரதம் திரளும், எலுமிச்சைச் சாறோ 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்பது. குடித்தால் ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் பிடிக்காது. வழி, சாற்றைக் குறைத்துத் தோலின் வாசனையை வாங்குவது. நான்கு பழத்தின் தோலை மேலாகத் துருவுங்கள், உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். 200 கிராம் சீனியோடு கையால் பிசறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். சீனி தோலின் எண்ணெயைக் குடித்து ஈரமாகிவிடும். 150 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து, ஆறியபின் வடிகட்டி, சாறு இரண்டு டீஸ்பூன் மட்டும் சேருங்கள். புளிப்பின் மிச்சத்தைச் சோடாவின் காரமே கொடுத்துவிடும்.

செங்கோட்டை வழியாக வருகிற கேரளா அன்னாசியைப் பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். அதில் உள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை அறுத்துவிடும், ஐந்து நிமிடத்தில் கிளாஸ் கசக்கும். அரைத்து வடிகட்டி, சீனியோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். பப்பாளிக்கும் இதே கதைதான், ஆனால் பப்பாளியில் இதற்கு வாசனையும் பத்தாது.

குற்றாலம் சீசனில் வருகிற மங்குஸ்தானுக்கு நேர்மாறான பக்குவம். சூடு காட்டினால் வாசனை போய்விடும். ஆறு பழத்தின் சுளையை எடுத்து, விதை உடையாமல் 80 கிராம் சீனியோடு மசித்து, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். ஓட்டின் ஊதாச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் துவர்க்கும், துணியில் பட்டால் போகாது. உருண்டையைப் பாதியாகக் குறையுங்கள், வெண்ணிலா இதை எளிதில் மூடிவிடும். விலை அதிகம்தான், ஆனால் சீசனில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டிய சோடா இது.

கொய்யாவைக் காய்ச்சினால் ஜெல்லியாக இறுகும், தர்பூசணி காய்ச்சினால் பூசணி வாடை வரும், வாழைப்பழம் எப்படிப் போட்டாலும் சேறுதான். நுங்கைப் பாகாக்க முடியாது. நறுக்கி மேலே தூவலாம். பழம் எதுவும் இல்லாத நாளில் கடை நன்னாரி சர்பத் 25 மில்லி போதும், 40 ஊற்றினால் திகட்டும். காளிமார்க் பொவண்டோவிலும் பன்னீர் சோடாவிலும் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் பாகே வேண்டாம், உருண்டை மட்டும் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மெஷின்தான் என்று முடிவெடுத்தால் கடையிலேயே சில விஷயங்களைப் பாருங்கள். சிலிண்டரைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் கூடாது. 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் வாஷர் விலகியிருக்கிறது, உபரி வாஷர் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டர் வாயில் இருப்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான திருகா, அவர்களுடையது மட்டும்தான் பொருந்துமா என்று கேளுங்கள். அவர்களுடையது மட்டும் என்றால், அந்தக் கடை மூடிய அன்றைக்கு உங்கள் மெஷினும் மூடியது மாதிரிதான். நாசிலைக் கழற்றிக் கழுவ முடிகிறதா பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வெந்நீரில் கழுவக் கூடாது, ஃப்ரீசரில் வைக்கக் கூடாது; நெளிந்த பாட்டில் அழுத்தம் தாங்காது. பாட்டிலின்மேல் காலாவதி மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும், குறைந்தது இரண்டு வருடம் மிச்சம் இருக்கிற பாட்டிலாகக் கேட்டு வாங்குங்கள்.